பெயர் கடல் கடக்கிறது

மேனாட்டுப் பியரைக் குறித்து நம்மவரிடையே இரண்டு பேச்சுகள் வழங்குகின்றன. "என்ன இருந்தாலும் வெளிநாட்டுச் சரக்குக்கு நம்முடையது ஈடாகாது" என்பது ஒன்று. "இங்கே கிடைப்பதெல்லாம் பியரா? அதன் சொந்த நாட்டிலே குடித்துப் பார்க்க வேண்டும்" என்பது மற்றொன்று. முதற்பேச்சு கடல் கடந்து வந்த பொருளைப் புகழ்கிறது. இரண்டாவது பேச்சு கடல் கடந்ததனாலேயே அப்பொருளைப் பழிக்கிறது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் ஒருவரே ஒரே மாலைப்பொழுதிற் கூறக் கேட்டிருக்கிறோம். கேட்டுக்கொண்டிருப்போர் இரண்டுக்கும் தலையசைப்பதையும் கண்டிருக்கிறோம். பார்வைக்குச் சிறிய இம்முரண்பாட்டினுள் விஞ்ஞானமும் வாணிகமும் பழைய அடிமைப் புத்தியும் ஒருங்கே கலந்து கிடக்கின்றன. அவற்றை வேறு வேறாகப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியத்துக்கும் சமூகத்துக்கும் உரிய ஓர் ஏட்டிலே பியருக்கு என்ன வேலை என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். குடியை ஊக்குவிப்பது நமது கருத்தன்று. தோட்ட லயங்களிலும் கரையோரக் கிராமங்களிலும் உழைப்பாளியின் கூலியிற் பெரும்பங்கு எங்கே போகிறது என்பதை, கொப்பி வாங்க வழியின்றி வகுப்பறைக்கு வரும் பிள்ளைகளின் முகங்களில் ஆசிரியர்களாகிய நாம் அன்றாடம் வாசிக்கிறோம். ஆயினும் குடிப்பவரும் குடியாதவரும் ஒருங்கே அறியவேண்டிய செய்தி ஒன்று இப்போத்தலுள் இருக்கிறது. பொருள் வேறு, அதன் மேல் ஒட்டிய பெயர் வேறு என்பதும், பெயரை விற்பவன் பொருளைப் பற்றி நாம் அதிகம் கேளாதிருப்பதையே விரும்புகிறான் என்பதுமே அச்செய்தி.

முதலிலே தீர்க்கவேண்டிய ஐயம், சொந்த நாட்டிற் குடிக்கும் பியருக்கும் பிறநாட்டிற் குடிக்கும் பியருக்கும் உள்ள வேறுபாடு உண்மையா, பிரமையா என்பது. அயர்லாந்தின் கின்னஸ் என்னும் கரிய பியரை எடுத்துக்கொள்வோம். டப்ளினில் அருந்துவதே உண்மையான கின்னஸ் என்று அந்நாட்டார் பெருமை பேசுவர். 2011ஆம் ஆண்டில் உணவு விஞ்ஞான ஆய்விதழ் ஒன்று இப்பெருமையைச் சோதித்த ஆராய்ச்சியை வெளியிட்டது. வெவ்வேறு நாட்டினரான நால்வர், ஓராண்டுக் காலத்தில் 14 நாடுகளைச் சேர்ந்த 33 நகரங்களில், 71 மதுச்சாலைகளில் 103 முறை கின்னஸைச் சுவைத்து, ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு இவ்வளவு என்று புள்ளியிட்டனர். அயர்லாந்தில் அருந்தியது சராசரி 74 புள்ளிகள் பெற்றது. பிறநாடுகளில் அருந்தியது 57 புள்ளிகளே பெற்றது. மதுச்சாலையின் சூழல், பானத்தின் தோற்றம் முதலியவற்றைக் கணக்கிற் கழித்துப் பார்த்த பின்னரும் வேறுபாடு எஞ்சி நின்றது. சுவைத்தோர் தாம் எந்த நாட்டில் அமர்ந்திருக்கிறோம் என்பதை அறிந்தே சுவைத்தனர் என்பதை நாம் மறக்கக்கூடாது. அதை மறந்தால் இவ்வாராய்ச்சி சொல்லாததையும் சொல்லியதாகக் கொண்டுவிடுவோம். எனினும் டப்ளின்காரரின் பேச்சு முழுவதும் வீண்பெருமை அன்று என்றாவது இதனாற் புலப்படுகிறது.

இத்தகைய சிறு எண்ணிக்கையான சோதனைகளிலிருந்து நம்பத்தக்க முடிவு காண்பதற்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர் அந்தக் கின்னஸ் ஆலையிலேயே உத்தியோகம் பார்த்தவர் என்பதை இவ்விடத்திற் சொல்லாமற் போக மனம் வரவில்லை. வில்லியம் சீலி கொசெட் என்பது அவர் பெயர். பார்லியின் தரத்தையும் பியரின் தரத்தையும் ஒரே சீராக வைத்திருக்க வேண்டிய தேவையிலிருந்து பிறந்த அவரது கணிதக் கட்டுரை 1908இல் வெளிவந்தது. ஆனால் அதன் மேல் அவர் பெயர் இல்லை. ஊழியர் தம் சொந்தப் பெயரில் ஆராய்ச்சிகளை வெளியிடுவதை ஆலை நிருவாகம் அனுமதிக்கவில்லை. ஆகவே 'ஸ்டூடன்ட்', அதாவது மாணவன், என்ற புனைபெயருக்குள் அவர் மறைந்துகொள்ள நேர்ந்தது. புள்ளிவிவரவியல் பயிலும் நம் பல்கலைக்கழக மாணவர் இன்றும் அச்சோதனையை அப்பெயராலேயே அறிவர். ஆலையின் பெயர் உலகத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் போயிற்று; அந்த ஆலையிற் சிந்தித்தவனுடைய பெயர் வாயிற் கதவைத் தாண்டவும் இடமில்லாது போயிற்று.

இனி, வேறுபாட்டுக்கான காரணங்களைப் பார்ப்போம். அவற்றுள் முதலாவது காலம். வடபுலத்தார் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். விடியற்காலையிற் பனையிலிருந்து இறக்கிய கள் ஒரு சுவை. அதே முட்டியிலுள்ள கள் அந்திநேரத்தில் வேறு சுவை. நொதித்தல் நின்றுவிடுவதில்லை; இனிப்புக் குறைந்து புளிப்பு ஏறுகிறது. பியரில் மாற்றம் இவ்வளவு வேகமாக நிகழ்வதில்லை. நொதித்து முடிந்த பின் மதுவத்தை வடித்து நீக்கி, சூடேற்றி, எஞ்சிய நுண்ணுயிர்களையும் கொன்றுவிடுகிறார்கள். 1876இல் லூயி பாஸ்டர் பியரைப் பற்றி எழுதிய நூல் இவ்வறிவைப் பரப்பிற்று. ஆயினும் நுண்ணுயிர் இறந்த பின்னும் இரசாயனம் உறங்குவதில்லை. போத்தலுள் எஞ்சிய ஒட்சிசன் மெல்ல மெல்ல வேலை செய்கிறது. ஹொப் என்னும் கொடியின் பூவிலிருந்து வந்த கசப்பு மங்குகிறது. நொனெனல் என்ற சேர்வையின் அளவு கூட, நனைந்த காகித அட்டையை ஒத்த ஒரு மணம் தோன்றுகிறது.

இரண்டாவது காரணம் வெப்பம். பத்துப் பாகை வெப்பம் ஏறினால் இரசாயனத் தாக்கங்களின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது மாணவர் படிக்கும் பொதுவிதி. வட ஐரோப்பாவின் குளிர்ந்த நிலவறையில் ஆறு மாதத்தில் நிகழக்கூடிய மூப்பு, வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டகத்தினுள் சில வாரங்களில் நிகழ்ந்துவிடும். பியர் கப்பலேறிச் செங்கடலைக் கடந்து, நம் துறைமுகத்திற் சுங்கப் பத்திரங்களுக்காகக் காத்திருந்து, கூரைத்தகடு வேய்ந்த களஞ்சியத்திலே குந்தியிருந்து கடைக்கு வருமாயின், அதை அதன் ஊரார் அடையாளம் காணமாட்டார்கள் என்பதில் வியப்பென்ன? கடைக்காரர் கடைசி நாளில் அதைக் குளிரூட்டுவது, முதியவருக்கு மணமகன் உடை அணிவிப்பதை ஒக்கும்.

மூன்றாவது காரணம் ஒளி. ஹொப்பின் கசப்புப் பொருள்களும், பியரில் இயல்பாக உள்ள ரைபோபிளேவின் என்னும் விற்றமினும் ஒளி பட்டதும் கூடி ஒரு கந்தகச் சேர்வையைப் பிறப்பிக்கின்றன. வட அமெரிக்காவிலுள்ள ஸ்கங்க் என்ற விலங்கு பகைவர் மீது பீச்சும் நாற்றத்துக்கு இது உறவு. ஒரு கிராமின் நூறு கோடிப் பங்கில் சில பங்குகள் ஒரு லீற்றரிற் கலந்திருந்தாலே மனித மூக்கு அதை உணர்ந்துகொள்ளும். கபிலநிறக் கண்ணாடி இவ்வொளியைப் பெரும்பாலும் தடுக்கிறது. பச்சைக் கண்ணாடி சிறிதே தடுக்கிறது. நிறமற்ற கண்ணாடி தடுப்பதேயில்லை. ஆயின் உலகச் சந்தையில் உயர்ந்த இறக்குமதிப் பியர் என்பதற்கு அடையாளமாய் நின்றது பச்சைப் போத்தலே! காப்பாற்றும் நிறத்தை விட்டு, கண்ணைக் கவரும் நிறத்தை வாணிகம் தேர்ந்தது. வெளிச்சம் நிறைந்த கடை மாடத்தில் அப்போத்தலை நிறுத்திவைக்க, அதனாற் பிறந்த நாற்றத்தையே மேனாட்டுப் பியரின் தனிச்சுவை என்று நுகர்வோர் பழகிக்கொண்டனர்.

செக் நாட்டின் பில்சன் நகரத்தைப் பார்த்தால் காலம், வெப்பம், ஒளி என்னும் மூன்றின் பங்கும் விளங்கும். 1842இல் யோசேப் குரோல் என்ற பவேரியர் அந்நகரின் மென்மையான நீரையும் வெளிறிய பார்லியையும் கொண்டு பொன்னிறமான பியர் ஒன்றைச் செய்தார். அந்நாட்டு மதுச்சாலைகள் பலவற்றில் இன்றும் அந்தப் பியர் சூடேற்றப்படாமல், ஆலையிலிருந்து நேரே குளிர்ந்த தொட்டிகளுக்கு வருகிறது. அதற்கு ஆயுள் குறைவு. ஆகையால் நெடுந்தூரம் போக இயலாது. நீண்ட பயணத்துக்கென்று போத்தலில் அடைக்கப்படுவதோ சூடேற்றப்பட்டது. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. பில்சனுக்குப் போய்வந்தவர் "இது அதுவன்று" என்று கூறும்போது அவர் நாக்குப் பொய் சொல்லவில்லை.

இதுவரை சொன்னவை இயற்கையின் காரணங்கள். மனிதர் வேண்டுமென்று செய்யும் மாற்றங்கள் இன்னும் பெரியவை. டப்ளின் மதுச்சாலையிற் குழாய் வழியே வார்க்கப்படும் கின்னஸில் அற்ககோல் ஏறத்தாழ 4.2 சதவீதம். அதன் பால் போன்ற நுரைக்குக் காரணம் காபனீரொட்சைட்டுடன் நைதரசனும் கலக்கப்படுவதே. மைக்கல் ஆஷ் என்னும் கணிதப் பட்டதாரியின் முயற்சியால் 1959இல் வந்த முறை அது. நைதரசன் நீரில் எளிதிற் கரைவதில்லை. ஆகவே குமிழிகள் மிகச் சிறியனவாய் எழுகின்றன. நைஜீரியாவிற் போத்தலில் விற்கப்படும் கின்னஸோ 7.5 சதவீதம் அற்ககோல் உடையது. நைதரசன் நுரையும் அதில் இல்லை. பிறநாட்டுக்கென்று தனியாகச் செய்யும் இவ்வகையின் வேர் 1801ஆம் ஆண்டளவில் இருக்கிறது. அடிமைத் தோட்டங்கள் நிறைந்திருந்த மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் கப்பல்களுக்காக, ஹொப்பும் அற்ககோலும் கூட்டப்பட்ட பியரைக் கின்னஸ் ஆலை அன்று செய்தது. கடலைத் தாங்குவதற்காக மாற்றிய பானம், கடலுக்கு அப்பாலுள்ளோரின் நாக்குக்கு இயல்பாகிவிட்டது. டப்ளினில் ஒன்றையும் லாகோசில் மற்றொன்றையும் அருந்தியவர், பயணத்தால் ஒரு பானம் கெட்டது என்று எண்ணினால் அது தவறு. அவர் அருந்தியவை ஒரே பெயருடைய இரு வேறு பானங்கள்.

அரசாங்கத்தின் வரியும் சமையற்காரனாக மாறுவதுண்டு. 2023இல் பிரித்தானியாவில் மதுவரி மாற்றியமைக்கப்பட்டது. அற்ககோல் 3.5 சதவீதத்துக்குக் குறைந்த பியருக்கு வரி குறைந்தது. அவ்வாண்டிலேயே அந்நாட்டிற் 'டேனிஷ் பில்ஸ்னர்' என்று விற்கப்பட்ட கார்ல்ஸ்பேர்க் பியரின் அற்ககோல் 3.8 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாயிற்று. டென்மார்க்கில் அப்பெயருடைய பில்ஸ்னர் 4.6 சதவீதம். டேனிஷ் என்னும் அடைமொழி இருக்க, அதன் உடலை இலண்டன் திறைசேரியின் வரி அட்டவணை தீர்மானித்தது. வலிமை குறைவது குடிப்போர் உடலுக்கு நன்மையே என்று ஒருவர் கூறலாம், நாமும் மறுக்கவில்லை. மாற்றம் நன்றா தீதா என்பதன்று இங்கே கேள்வி. மாற்றத்தின் மீது பழைய பெயர் போர்வையாக விரிக்கப்படுகிறது என்பதே நாம் காணவேண்டியது.

நைஜீரியாவின் வரலாறு இன்னும் ஆழமானது. 1960இல் அந்நாடு சுதந்திரம் அடைந்த சில ஆண்டுகளுக்குள் லாகோசை அடுத்த இகேஜாவிற் கின்னஸ் ஆலை எழுந்தது. அயர்லாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் வெளியே அமைந்த தொடக்ககாலக் கின்னஸ் ஆலைகளுள் ஒன்று அது. பார்லி அந்த மண்ணின் பயிரன்று, கப்பலில் வந்தது. எண்ணெய் விலை வீழ்ந்து அந்நியச் செலாவணி வற்றிய காலத்தில், 1988இன் தொடக்கத்திலிருந்து பார்லி இறக்குமதியை நைஜீரிய அரசு தடை செய்தது. பார்லி இன்றிப் பியரா என்று மேனாட்டார் கேட்டிருப்பர். ஆயின் இறுங்கும் சோளமும் அந்நாட்டு உழவரின் வயல்களில் விளைந்தன. அவற்றைக் கொண்டு பியர் செய்யும் முறையை ஆலைகளின் விஞ்ஞானிகளும் தொழிலாளரும் கண்டறிந்தனர். டப்ளினிலிருந்து செறிவான கரிய சாறு ஒன்று வந்தது. வறுத்த பார்லியின் நிறமும் சுவையும் அதில் அடங்கியிருந்தன. உள்ளூர்த் தானியத்தில் நொதித்த பியரோடு அச்சாறு கலக்கப்பட, நைஜீரியாவின் கின்னஸ் பிறந்தது. தடை பின்னர் நீங்கிற்று, இறுங்கு நீங்கவில்லை. இவ்வாறு ஒரு நாட்டின் செலாவணி நெருக்கடியும், உழவனின் தானியமும், ஒரு சட்டமும் கூடி ஒரு சுவையை உண்டாக்கின.

சென்ற விடுமுறையில் இலண்டனிலிருந்து வந்திருந்த பல்கலைக்கழகத் தோழர் ஒருவர் இதன் மறுபக்கத்தை நமக்குக் கூறினார். நைஜீரியர் மிகுந்து வாழும் பெக்கம் பகுதியில் அவர் கடையொன்றில் வேலை பார்க்கிறார். அங்கே இரண்டு கின்னஸ் போத்தல்கள் விற்பனைக்கு உண்டு: ஒன்று டப்ளினில் ஆனது, மற்றது நைஜீரியாவிலிருந்து கப்பலேறி வந்தது. "மச்சான், ரெண்டிலையும் அதே யாழ்ப் படந்தான். ஆனால் அந்தச் சனம் போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாத்துத்தான் எடுக்குதுகள்" என்றார். அயர்லாந்து அருகே இருக்க, ஆபிரிக்காவிலிருந்து வரும் போத்தலைத் தேடுகிறார்கள். அவர்களுக்கு அதுதான் மூலம். டப்ளினிலிருந்து வருவது வேறொன்று. பியரின் தாயகம் எது என்று இப்போது சொல்லுங்கள். பழைமையான ஆலை நிற்கும் ஊரா? அன்றி, ஒரு மக்கட் கூட்டம் தன் வயலில் விளைந்ததைக் கொண்டு செய்து, தன் திருமணங்களிலும் இழவுகளிலும் பகிர்ந்து, தன் நாக்கிற் பதித்துக்கொண்ட சுவை பிறந்த ஊரா? எசமானனின் நாட்டிலிருந்து வருவதே அசல், நம் கையாற் செய்வது நகல் என்று காலனியாட்சி கற்பித்த பாடத்தை, அந்த நைஜீரியத் தொழிலாளர் ஒரு சொல்லும் பேசாமல் மறுத்துவிடுகின்றனர்.

அயர்லாந்து தானும் ஒரு காலனியாயிருந்த நாடு என்பதை இங்கே நினைவு கூர்தல் தகும். கின்னஸ் நிறுவனம் 1876இல் யாழைத் தன் வியாபாரக் குறியாகப் பதிவு செய்தது. 1886இல் அதன் பங்குகள் இலண்டன் சந்தைக்கு வந்தன. 1932இல் தலைமையகமும் இலண்டனுக்குப் பெயர்ந்தது. 1922இல் உருவான அயர்லாந்து அரசு தன் நாட்டின் பழம்பெருஞ் சின்னமாகிய யாழைச் சூடியபோது, அது கின்னஸ் யாழுக்கு எதிர்த்திசை நோக்கி நின்றது. இன்றும் அவ்வாறே நிற்கிறது. ஒரு நாட்டின் யாழ் முன்னரே ஒரு நிறுவனத்தின் போத்தலில் ஏறியிருந்தது! 1997 முதல் அப்பெயர் டியாஜியோ என்னும் இலண்டன் கூட்டு நிறுவனத்துக்குச் சொந்தம். 2024இல் டியாஜியோ தனது நைஜீரியக் கம்பெனிப் பங்குகளைத் தொலாராம் என்ற சிங்கப்பூர்க் குழுமத்துக்கு விற்றது. ஆலை போயிற்று, இயந்திரங்கள் போயின, தொழிலாளரும் புதிய முதலாளியிடம் போயினர். பெயர் மட்டும் போகவில்லை. அது டியாஜியோவிடமே இருந்தது. புதியவர் அனுமதிப்பத்திரத்தின் பேரில் அதைப் பயன்படுத்துவர். எதை விற்கலாம், எதை விற்கலாகாது என்பதை முதலாளித்துவம் நன்கு அறியும்.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. காரணம் பற்றி வந்த பெயர் காரணப்பெயர். காரணமின்றி இட்டு வழங்குவது இடுகுறிப்பெயர். இடத்தின் பெயர் அங்குள்ள பொருளுக்கு ஆகி வருவது இடவாகுபெயர். இவற்றை ஒன்பதாம் வகுப்பு மாணவர் மனனஞ் செய்து ஒப்புவிப்பர். பில்சன் நகரின் பெயர் அந்நகரப் பியருக்கு ஆகிவந்தபோது அது இடவாகுபெயர். காரணமும் அதில் இருந்தது. பின்னர், பொன்னிறப் பியர் எந்த ஊரிற் செய்யப்பட்டாலும் பில்ஸ்னர் எனப்பட்டது. இடம் கழன்றது, பெயர் எஞ்சியது. பில்சன் நகரத்தார் தம் பியருக்கு 'மூல ஊற்று' எனப் பொருள்படும் உர்க்வெல் என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. காரணப்பெயர் இடுகுறியாகத் தேய்வது மொழியின் இயல்பு. ஆனால் தேய்ந்துபோன பெயரை இன்னும் காரணப்பெயர் என்று நம்பவைத்துக் காசு பறிப்பது மொழியின் இயல்பன்று. அது வாணிகத்தின் தந்திரம்.

அத்தந்திரம் ஒருமுறை நீதிமன்றம் ஏறியது. ஜேர்மனியின் பிறேமன் நகரத்துப் பெக்ஸ் பியர், 2012 முதல் அமெரிக்கச் சந்தைக்கென அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரிலேயே செய்யப்பட்டது. ஜேர்மன் தரம் என்ற வாசகம் பெட்டியின் மேல் நின்றது. அமெரிக்காவில் ஆனது என்பது கண்ணுக்கு எளிதில் அகப்படாத சிறிய எழுத்தில் நின்றது. இறக்குமதி என்று நம்பி அதற்கான விலை கொடுத்தோம் என்று வாங்கியோர் 2013இல் வழக்குத் தொடர்ந்தனர். 2015இல் நிறுவனம் சமரசத்துக்கு இணங்கிற்று. பற்றுச்சீட்டு வைத்திருந்த குடும்பத்துக்கு 50 டொலர் வரையும், இல்லாதோருக்கு 12 டொலர் வரையும் திருப்பித் தர உடன்பட்டது. வழக்காடியோர் சுவை கெட்டது என்பதற்காக மட்டும் வழக்காடவில்லை. தாம் எதற்கு விலை கொடுக்கிறோம் என்பதை அறியும் உரிமைக்காகவே வழக்காடினர்.

நமது நாட்டிலும் டென்மார்க்கின் பெயர் தாங்கிய கார்ல்ஸ்பேர்க், பியகமவில் உள்ள ஆலையிலே செய்யப்படுகிறது. அதை வெளிநாட்டுச் சரக்கென்று வியந்து விருந்தினருக்கு வார்ப்போரை நாம் கண்டிருக்கிறோம். பியகமத் தொழிலாளியின் கைவண்ணம் கொப்பன்ஹேகனின் பெயரைச் சூடிக்கொண்டால் உயர்ந்தது. சொந்தப் பெயரில் வந்தால் தாழ்ந்தது! இங்கே சுவைப்பது நாக்கன்று, நம்முள் இன்னும் குடியிருக்கும் தோட்டத் துரையே. கின்னஸ் உடலுக்கு நல்லது என்று 1929இலும், அது வலிமை தரும் என்று 1934இலும் சுவரொட்டிகள் பறைசாற்றின. வலிமை சோற்றிலிருந்து வரவேண்டிய தொழிலாளிக்கு அது போத்தலிலிருந்து வரும் என்று ஓவியம் தீட்டிக் காட்டினர். சுவையின் ஒரு பகுதி நாக்குக்கு எட்டுமுன்னே மனத்தில் அமைந்துவிடுகிறது; அப்பகுதியை அமைப்பதற்கே விளம்பரத்துக்குப் பணம் கொட்டப்படுகிறது.

கார்ல்ஸ்பேர்க் என்ற பெயரோடு இணைந்த மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்வது நேர்மை. அவ்வாலையின் ஆராய்ச்சிசாலையில் 1883இல் எமில் கிறிஸ்தியன் ஹான்சன் ஒரே உயிரணுவிலிருந்து தூய மதுவத்தைப் பெருக்கும் முறையைக் கண்டார். அதற்கு முன் ஒரு தொட்டி நன்றாகவும் மறு தொட்டி பாழாகவும் அமைவது ஆலைகளின் தலைவிதியாயிருந்தது. ஆலையின் நிறுவனர் ஜேக்கப்சன் அம்மதுவத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. கேட்ட பிற ஆலைகளுக்குக் கொடுத்தார், முறையையும் வெளியிடச் செய்தார். உலகத்தின் பெரும்பான்மையான பியர் இன்று சீரான சுவையோடு வருவதற்கு, பகிர்ந்தளிக்கப்பட்ட அவ்வறிவு பெருங்காரணம். தர்மசிந்தனையுள்ள முதலாளி ஒருவரைப் புகழ்வதற்காக இதைக் கூறவில்லை. ஒரு நாட்டிற் கண்ட நன்மை வேறு நாட்டிலும் கெடாமல் வாழ்வதற்கு வழி யாது என்பதை இது காட்டுகிறது. அறிவு பகிரப்பட்டால், கொப்பன்ஹேகனில் இயன்றது எங்கும் இயலும். பெயரை மட்டும் வாடகைக்கு விட்டால், வாடகை போகும் திசை ஒன்றே.

ஆகவே இறக்குமதிப் பியரின் சுவை வேறுபடுவதற்கு அந்நிய மண்ணின் மாயம் எதுவும் காரணமன்று. லிபி ஆற்று நீரே கின்னஸின் இரகசியம் என்று இன்றும் சொல்வோர் உளர். உண்மையில் அவ்வாலைக்கு நீர் விக்லோ மலைகளிலிருந்து வருகிறது. நீரிலுள்ள உப்புகளை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் இன்றைய ஆலைகளுக்குத் தெரியும். பாதுகாக்கப்படாத பயணம், மாற்றப்பட்ட தானியம், வரிக்குத் தக்கபடி குறைக்கப்பட்ட வலிமை, வேறிடத்து ஆலை, விளம்பரம் வளர்த்த எதிர்பார்ப்பு ஆகிய இவை அனைத்தும் ஆராய்ந்து அறியக்கூடியவை, மனிதராற் செய்யப்பட்டவை. அறியக்கூடியதை அறியவிடாமற் செய்வதுதான் போத்தலின் முன்பக்கத்து அழகிய எழுத்து.

இது பியரோடு நிற்கும் செய்தியன்று. பால்மா, மருந்து, சவர்க்காரம், பாடசாலைப் பிள்ளைகளின் சப்பாத்து என நம் வீட்டுக்கு வரும் ஒவ்வொன்றும் ஒரு பெயரை அணிந்தே வருகிறது. எங்கே செய்யப்பட்டது, எப்போது செய்யப்பட்டது, எதனாற் செய்யப்பட்டது, யார் பெயரில் இலாபம் போகிறது என்னும் நான்கையும் முகப்பிலேயே, படிக்கத்தக்க எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுமாறு நாம் கேட்கவேண்டும். ஆசிரியர்கள் இதை வகுப்பறையிலேயே தொடங்கலாம். ஆகுபெயருக்கு உதாரணம் கேட்கும்போது பழைய உரைகளிலுள்ளதை ஒப்புவிக்கச் செய்வதோடு நில்லாமல், வீட்டிலுள்ள ஒரு பேணியையோ போத்தலையோ கொண்டுவரச் சொல்லி, அதன் பெயர் எந்த ஊருக்கு உரியது, உள்ளிருப்பது எந்த ஊரில் ஆனது என்று பிள்ளைகளையே தேடிப் பார்க்கச் செய்யலாம். பெக்கத்துக் கடையில் நைஜீரியத் தொழிலாளர் அதைத்தான் செய்கிறார்கள். நம் பிள்ளைகளும் போத்தலைத் திருப்பிப் பார்க்கப் பழகட்டும்.